ஒரே கூரையின் கீழ் பட்ட காயம்

(வானொலி மறையுரை)



விடுதலைப் பயண நூலில் பத்துக் கட்டளைகள் வரும் 20ஆம் அதிகாரத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதற்கு அடுத்த அதிகாரத்தை யாரும் அவ்வளவாகத் திறப்பதில்லை. அங்கே ஆண்டவர் மலையுச்சியிலிருந்து இறங்கி, தெருச் சண்டைக்கும் வீட்டுச் சண்டைக்கும் நியாயம் சொல்கிறார். ஒருவன் இன்னொருவனைக் கல்லால் அல்லது கையால் அடிக்கிறான்; அடிபட்டவன் சாகவில்லை, படுக்கையில் விழுந்துவிட்டான் என்றால் என்ன செய்வது? 18, 19ஆம் வசனங்களைப் பாருங்கள். அடிபட்டவன் வேலைக்குப் போக முடியாமல் இழந்த நாள்களுக்கு அடித்தவன் ஈடு கொடுக்க வேண்டும். குணமாகும்வரை மருத்துவச் செலவையும் ஏற்க வேண்டும். இன்று பொன்னேரி நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் கேட்கும் அதே இரண்டு கணக்குதான்: இழந்த கூலி, மருத்துவச் செலவு. இன்னும் சில வரிகள் தாண்டினால், அடிமைப் பெண்ணின் ஒரு பல்லை முதலாளி உடைத்தாலும் அந்தப் பல்லுக்காக அவள் விடுதலை பெற்றுப் போகலாம் என்று இருக்கிறது. இந்தப் பல்லை நினைவில் வையுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இது: வீட்டுக்குள், கணவராலோ கணவர் வீட்டாராலோ அடிபட்டுக் காயமடைந்த பெண், அரசிடம் இழப்பீடு கேட்க முடியுமா? முடியும். அதற்குச் சட்டம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, தொகைப் பட்டியலும் இருக்கிறது. ஆனால் சோழவரம், செங்குன்றம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இதைக் கேட்டு வாங்கலாம் என்று அறிந்த சகோதரிகள் மிகச் சிலரே. 2019-21ஆம் ஆண்டு தேசிய குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையை ஒருமுறையாவது அனுபவித்திருக்கிறார்கள் என்று சொல்கிறது. ஞாயிறு திருப்பலியில் பெண்கள் பக்கத்து இருக்கைகளை இந்தக் கணக்கோடு எண்ணிப் பாருங்கள்.

நம் பகுதியில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. சிப்காட் கம்பெனிகளில் ஒப்பந்த வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. கை உடைந்து ஆறு வாரம் மாவுக்கட்டு என்றால், ஆறு வாரக் கூலி போயிற்று. கட்டுப் பிரித்துப் போகும்போது அந்த வேலை அவருக்காகக் காத்திருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. காயம் அவருடையது, செலவு அவருடையது, வட்டிக்கு வாங்கிய கடனும் அவர் பெயரில்தான்.

இதைப் பற்றிப் பேசினால் முதலில் வரும் கேள்வி: "குடும்ப விஷயம் ஃபாதர், இதுக்கெல்லாம் கவர்மெண்ட் பணம் கொடுக்குமா?" இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் தனியாக இல்லை. பிரிட்டன் அரசே ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தது. குற்றத்தால் காயம்பட்டவர்களுக்கு அரசே இழப்பீடு தரும் திட்டத்தை அந்நாடு 1964இல் தொடங்கியது. அதில் ஒரு விதி இருந்தது: அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே குடும்பமாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தால் இழப்பீடு கிடையாது. தெருவில் அந்நியன் அடித்தால் பணம் உண்டு. வீட்டில் கணவன் அடித்தால் இல்லை. கொடுக்கும் பணம் அடித்தவன் கைக்கே போய்விடுமே என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 1979 அக்டோபரில் அந்த விதியை மாற்றினார்கள். ஆனால் அதற்கு முன் காயப்பட்டவர்களுக்குக் கதவு மூடியே இருந்தது. 2019 ஜூனில்தான் அவர்களுக்கும் திறந்தது. இலண்டனில் நம் உறவினர் இருந்தால் சொல்லிவையுங்கள்: அங்கே பொதுவாகச் சம்பவம் நடந்த 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டத்தில் ஒரே கூரை விதி இல்லை. நம் மனத்தில்தான் இருக்கிறது.

இந்தியாவில் இது வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்வோம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்ற பிரிவு 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு மாநில அரசு நிதி ஒதுக்கி இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் சாரம். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவே 396ஆம் பிரிவு. தமிழ்நாடு 2013இல் தன் திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில், 15 வயதில் டெல்லியில் அமிலவீச்சுக்கு ஆளான லக்ஷ்மி தொடுத்த வழக்கில், இத்தகையவர்களுக்குக் குறைந்தது 3 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு நிபுன் சக்சேனா வழக்கில், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கென்று தனித் திட்டம் ஒன்றை வகுத்துக் கொடுத்தது. 2018 மே மாதம் அதை ஏற்ற உச்ச நீதிமன்றம், அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் எல்லா மாநிலங்களிலும் நடைமுறைப்படுத்தச் சொன்னது. இது குறைந்தபட்சம், மாநிலங்கள் கூட்டிக் கொடுக்கலாம், குறைக்கக் கூடாது.

அந்தத் திட்டத்தில் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய இடங்கள் சில உண்டு. தொகையை முடிவு செய்யும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்ற வரிசையில், குற்றம் செய்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் என்ன உறவு என்பதும், கொடுமை ஒருமுறை நடந்ததா நெடுங்காலம் நடந்ததா என்பதும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பிரிட்டனில் எந்த உறவு கதவை அடைத்ததோ, அதே உறவை இங்கே கணக்கில் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். வேலைக்குப் போக முடியாமல் இழந்த நாள்களும், சிகிச்சைச் செலவும் அந்த வரிசையில் உண்டு. விடுதலைப் பயணம் 21இன் இரண்டு கணக்கும் வந்துவிட்டன. கணவர் வீட்டுக் கொடுமைக்கான வழக்கில், அதாவது பழைய 498ஏ, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவில், பட்டியலில் உள்ள காயம் ஏதேனும் இருந்தால், காவல் நிலையம் முதல் தகவல் அறிக்கையின் நகலை உடனே சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்றும் திட்டம் சொல்கிறது. நாம் கேட்காமலே அனுப்ப வேண்டியது அது. அனுப்பினார்களா என்று கேட்பதில் தவறில்லை.

தொகைகளைச் சொல்வோம். கொடுங்காயம், அல்லது சிகிச்சையும் மறுவாழ்வும் தேவைப்படும் மன பாதிப்பு: 1 முதல் 2 லட்சம். அடித்ததால் கரு கலைந்தால் 2 முதல் 3 லட்சம். நிரந்தர ஊனம் 40 சதவீதத்துக்கு மேல் 80க்குள் என்றால் 2 முதல் 4 லட்சம், 80க்கு மேல் என்றால் 2 முதல் 5 லட்சம். தீக்காயத்தில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். உடலில் பாதிக்கு மேல் வெந்திருந்தால் 5 முதல் 8 லட்சம். உயிரே போயிருந்தால், அவரை நம்பி வாழ்ந்தவர்களுக்கு 5 முதல் 10 லட்சம்.

கரு கலைவதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. அதே 21ஆம் அதிகாரத்தின் 22ஆம் வசனத்திலும் இது வருகிறது. சண்டையில் கர்ப்பிணிக்கு அடிபட்டுக் கரு கலைந்தால், அவளுடைய கணவன் கேட்கும் தொகையை அடித்தவன் கட்ட வேண்டும் என்கிறது பழைய சட்டம். அடித்தவனே கணவனாக இருந்தால் யார் யாரிடம் கேட்பது? அன்றைய சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. இன்றைய திட்டம் பணத்தைப் பெண்ணின் கையில் கொடுக்கிறது. மறைநூலை மதிப்பவர்கள் இந்த வேறுபாட்டுக்காக வருத்தப்பட வேண்டியதில்லை. ஆண்டவர் அன்று தொடங்கி வைத்த நியாயம் இன்று இன்னும் சற்றுத் தூரம் நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கொடுங்காயம் என்றால் எது? இங்கேதான் பல் வருகிறது. எலும்போ பல்லோ முறிந்தாலும் இடம் பிசகினாலும் அது கொடுங்காயம். கண் பார்வை, காது கேட்கும் திறன் நிலையாகப் போனாலும் அப்படியே. 15 நாள் கடுமையான வலியில் கிடந்து வழக்கமான வேலை செய்ய முடியாமல் போனாலும் கொடுங்காயமே. கன்னத்தில் விழுந்த அறை, முதுகில் கன்றிய தடம் ஆகியவை குற்றம்தான். ஆனால் இந்தப் பட்டியலில் வராது. அவற்றுக்கு வேறு வழி உண்டு, பிறகு சொல்வோம்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. இந்த இழப்பீடு நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று மருத்துவர் கேட்கும் அந்த ஒரு நிமிடத்தில் தொடங்குகிறது. அங்கே ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் மருத்துவர் எழுதுவது பிற்பாடு எல்லா இடத்திலும் பேசும். பக்கத்தில் கணவரோ மாமியாரோ நிற்பார்கள். பெண் என்ன சொல்கிறார்? "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்." தீக்காயம் என்றால், "ஸ்டவ் வெடிச்சிருச்சு." வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தும் ஸ்டவ் வெடிக்கும்! பிள்ளைகளின் முகத்தைக் காட்டி, "நீ உண்மையைச் சொன்னா இதுங்க கதி என்ன?" என்று ஆம்புலன்ஸிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். வழுக்கி விழுந்தவருக்கு அரசு இழப்பீடு தருவதில்லை. குற்றம் இல்லை என்று அவர் வாயாலேயே சொல்லியாயிற்று. ஆறு மாதம் கழித்து உண்மையைச் சொன்னால், "அன்று ஏன் இப்படிச் சொன்னீர்கள்?" என்ற கேள்விக்கே வழக்கின் பாதி உயிர் போய்விடும்.

ஆகவே, சகோதரிகளே, உறவினர்களை வெளியே அனுப்பச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. நர்ஸிடம் மெல்லச் சொன்னால்கூடப் போதும். "கணவர் அடித்தார், கட்டையால் அடித்தார், இத்தனை மணிக்கு" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஏ.ஆர். காப்பி, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள், பில்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஏற்கெனவே பொய் சொல்லியாகிவிட்டது என்றாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. பயத்தால் சொன்னேன் என்பதை அடுத்த சிகிச்சையிலோ காவல் நிலையத்திலோ கூடிய விரைவில் பதிவு செய்யுங்கள். சென்னையில் 2001 முதல் பணிபுரியும் பி.சி.வி.சி. அமைப்பினர், குடும்ப வன்முறையில் தீக்காயமடைந்த பெண்களுக்கு உடன் நின்று உதவுகிறார்கள்.

காவல் நிலையத்துக்கு வருவோம். புகார் கொடுத்தால் முதலில் சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீதைக் கொடுப்பார்கள். அது எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தரப்பட வேண்டியது, கேட்டு வாங்குங்கள். அதில் எந்தப் பிரிவுகள் எழுதியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கெட்ட வார்த்தை, சாதாரண அடி, மிரட்டல் என்று வழக்கமாக மூன்று எண்களைப் போட்டு முடித்துவிடுவதுண்டு. சாதாரண அடிக்குப் பிரிவு 115(2). எலும்போ பல்லோ முறிந்திருந்தால் கொடுங்காயத்துக்கான 117(2) வர வேண்டும். எக்ஸ்ரேயைக் காட்டி மாற்றி எழுதச் சொல்லலாம். சிறிய எண்தான், ஆனால் இழப்பீடு அதன்மேல் நிற்கிறது. எஃப்.ஐ.ஆர். போடவே மறுத்தால் நீதித்துறை நடுவரிடம் தனிப்புகார் கொடுக்கலாம்; அதன் நகலோடும் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கத் திட்டத்தில் இடமுண்டு.

"அவர் மேல் கேஸ் ஜெயித்தால்தானே பணம்?" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குற்றவாளி யார் என்றே தெரியாவிட்டாலும், வழக்கு விசாரணைக்கே வராவிட்டாலும் விண்ணப்பிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. நல்ல சமாரியர் உவமையை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசியுங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போனவரை அடித்த கள்வர்கள் கடைசிவரை பிடிபடவே இல்லை. அதற்காக மருந்தும் சாவடிச் செலவும் நிற்கவில்லை. சமாரியர் சாவடிக்காரரிடம் முதலில் இரண்டு தெனாரியம் கொடுத்தார். அதற்கு மேல் ஆனால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். திட்டத்திலும் முதலில் இடைக்கால நிவாரணம் உண்டு, பிறகு முழுத் தொகை. விசாரணையை 60 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் தாமதம் ஆகலாம். ஆகவேதான் இடைக்கால நிவாரணத்தையும் அதே மனுவில் கேட்டு எழுதச் சொல்கிறோம்.

இரண்டாவது தடை, நம் கோவிலுக்கு உள்ளேயே இருக்கிறது. "மன்னிக்கணும்னுதானே ஃபாதர் சொல்றீங்க, அப்புறம் எப்படிப் பணம் கேட்கறது?" என்பது. மன்னிப்பு மனத்தின் கடனைத் தள்ளுபடி செய்கிறது. மருத்துவமனை பில்லை அது கட்டுவதில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் திருச்சபை கற்பிப்பதும் இதுவே: பாவமன்னிப்புப் பெற்றவர் தாம் விளைவித்த சேதத்தை ஈடு செய்யக் கடமைப்பட்டவர். சக்கேயு இயேசுவைத் தம் வீட்டில் வரவேற்ற அன்றே நான்கு மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்னார். ஆண்டவர் "வேண்டாம், மனம் மாறினாய், போதும்" என்று தடுக்கவில்லை. பவுலும் பிலிப்பி நகரில் விசாரணையின்றி அடிக்கப்பட்டபோது, "போகலாம்" என்று சொல்லி அனுப்பியதும் தலைகுனிந்து போய்விடவில்லை. உரோமைக் குடிமக்களை இப்படி அடிக்கலாமா என்று கேட்டு, அதிகாரிகளையே வரவழைத்தார். அடிபட்டவர் உரிமை கேட்பது திமிர் என்று நினைப்பவர்கள் திருத்தூதர் பணிகள் 16ஆம் அதிகாரத்தைப் படிக்கட்டும்.

இழப்பீடு கேட்பது திருமணத்தை முறிப்பதும் அல்ல. பிரிந்து வாழ்பவர் மட்டுமே கேட்கலாம் என்று விதி இல்லை. சேர்ந்து வாழ்வதே ஆபத்து என்றால், திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153ஆம் எண், துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலுக்கும் மனத்துக்கும் பெரும் ஆபத்து இருந்தால் பிரிந்து வாழ இடம் தருகிறது; தாமதித்தால் ஆபத்து என்றால் அனுமதிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அமோரிஸ் லெத்தீசியா' மடலின் 241ஆம் எண்ணில், வன்முறையிலிருந்து பலவீனமானவரையும் பிள்ளைகளையும் காக்கப் பிரிவது சில வேளைகளில் அறக்கடமையே ஆகிறது என்ற போதனை இருக்கிறது. "தாலி கட்டியவன் அடிப்பான், அணைப்பான்" என்று நம் தெருவில் சொல்வதற்குத் திருச்சபையின் எந்த ஏட்டிலும் ஆதாரம் இல்லை.

அரசு தருவது ஒருபுறம் இருக்க, அடித்தவரே கொடுக்க வேண்டியதற்குத் தனிச் சட்டம் உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 20ஆம் பிரிவில் இழந்த வருமானம், மருத்துவச் செலவு, ஜீவனாம்சம் கேட்கலாம். 22ஆம் பிரிவில் உடல் காயத்துக்கும் மன வேதனைக்கும் நஷ்டஈடு கேட்கலாம். கொடுங்காயம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. அறைக்கும் கன்றலுக்கும் வேறு வழி உண்டு என்று சொன்னோமே, அது இதுதான். மாவட்ட சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் கூப்பிட்டால் எங்கே போவது என்று சொல்வார்கள்.

அரசு இழப்பீட்டு மனுவை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். அது திருவள்ளூரில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ளது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பொன்னேரி நீதிமன்றத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் முதலில் விசாரிக்கலாம். தொலைபேசி எண் 15100. வக்கீல் ஃபீஸ் கிடையாது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் எல்லாப் பெண்களுக்கும் சட்ட உதவி இலவசம். "சீக்கிரம் வாங்கித் தர்றேன், பத்து பர்சென்ட் கொடு" என்று நீதிமன்ற வாசலில் யாராவது வந்தால், விலகிப் போய்விடுங்கள். சம்பவம் நடந்த நாளிலிருந்தோ வழக்கு முடிந்த நாளிலிருந்தோ 3 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். அது தாண்டிவிட்டால், தாமதத்துக்கான காரணத்தை எழுதித் தனி மனு சேர்த்தால் ஏற்கவும் இடமுண்டு. பயந்து வாழ்ந்தேன் என்பதும் ஒரு காரணமே. அதை எழுத வெட்கப்பட வேண்டாம். மனுவை நிராகரித்தாலோ தொகை போதாது என்றாலோ, 30 நாளுக்குள் மாநில ஆணைக்குழுவின் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

கடைசியாக வங்கிக் கணக்கு. பிரிட்டனின் பழைய விதிக்குப் பின்னால், பணம் அடித்தவர் கைக்கே போய்விடும் என்ற கவலை இருந்ததைச் சொன்னோம். விதி தவறு, கவலை தவறல்ல. நம் திட்டத்தில் தொகையின் 75 சதவீதம் குறைந்தது 3 ஆண்டு நிரந்தர வைப்பில் இருக்கும், 25 சதவீதம் உடனே எடுக்கலாம். படிப்புக்கோ சிகிச்சைக்கோ அவசரம் என்றால் வைப்பிலிருந்தும் எடுக்க அனுமதி கேட்கலாம். கணக்கு தனிப்பெயரிலும் இருக்கலாம், கூட்டாகவும் இருக்கலாம். தனிப்பெயரில் புதிதாகத் தொடங்குங்கள். சம்பளம் வரும் பழைய கணக்கின் ஏ.டி.எம். கார்டு பல வீடுகளில் கணவரின் பர்ஸில்தான் இருக்கிறது. வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியும் அவர் போனுக்குத்தான் போகிறது. புதிய கணக்குக்கு உங்கள் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுங்கள். பாஸ்புக்கை வீட்டில் வைக்கப் பயமாக இருந்தால், தாய் வீட்டிலோ நம்பிக்கையான தோழியிடமோ வையுங்கள். காகிதங்களை நகல் எடுக்கவும், மனுவைத் தமிழில் எழுதவும் உதவி வேண்டுமானால், பங்கு அலுவலகத்தில் திருப்பலி முடிந்ததும் வந்து கேட்கலாம். எதற்காக வந்தீர்கள் என்று வாசலில் யாரும் விசாரிக்க மாட்டார்கள்; ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்க வருகிறவர்களும் அதே வாசலில்தான் நிற்கிறார்கள்.